அம்மாவின் நெஞ்சைக் கேட்கும் பெட்டி

4-11-79, ஞாயிறு

பனிமூட்டம். பத்து மணி வரை எதிர்மலை கண்ணில் படவே இல்லை. யூனிஃபார்ம் துவைத்தேன். காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்குகிறது. இனி புதன்கிழமை வரை விறகுப் புகை மணம்தான்.

நாளை பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மாவுடன் மலை இறங்கி மிஷன் ஆஸ்பத்திரிக்கு. அப்பாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் லீவு கிடையாது. எனக்கு மலையாளம் நன்றாகத் தெரியும் என்பது இன்னொரு காரணம்.

போன புதன்கிழமை அம்மா மறுபடியும் தேயிலைக் காட்டில் விழுந்தாள். எப்போதும் போலத்தான். கொளுந்து கிள்ளிக்கொண்டிருக்கிறவளுக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. கண் இருட்டுகிறது. உட்காருகிறாள், அல்லது சரிகிறாள். கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போவதற்குள் எல்லாம் சரியாகிவிடுகிறது. கம்பவுண்டர் கையைப் பிடித்துப் பார்த்து, "ஒண்ணுமில்லையே" என்கிறார். முதலில் வாயு என்றார். பிறகு ரத்தக் குறைவு. இப்போது பயம். ஆஸ்பத்திரியில் மூன்று தடவை படுக்க வைத்து இ.சி.ஜி. எடுத்தாயிற்று. மூன்றும் நார்மல். அது வருகிற நேரத்தில் பார்க்க ஆள் இல்லை, ஆள் இருக்கிற நேரத்தில் அது வருவதில்லை.

கங்காணி முத்தையா நேராக ஒன்றும் சொல்வதில்லை. "பேச்சிக்கு ஏத்தத்துலதான் நெஞ்சு அடிக்கும், எறக்கத்துல அடிக்காது" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்வார். பெண்கள் சிரிப்பார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

இன்று அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி செல்வி, எனக்கே இப்ப சந்தேகமா இருக்குட்டி. நானே வரவழைக்கேனோ என்னமோ. வேலைக்கு மடிச்சுக்கிட்டு மனசு கள்ளம் பண்ணுதோ?"

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"இந்தத் தடவையும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னா, இனிமே நான் மலை எறங்க மாட்டேன். ஆஸ்பத்திரிப் பேச்சே வேண்டாம்."

பதினோராம் நம்பர்க் காட்டின் கீழ்ப்பக்கம் முழுக்கப் பாறை. போன புதன்கிழமை அவள் விழுந்தது அதற்கு நாலு செடி மேலே. இதை நான் யாரிடமும் பேசவில்லை.

விஞ்ஞானப் புத்தகத்தில் இதயப் படம் மறுபடி பார்த்தேன். நான்கு அறைகள், நடுவில் கதவுகள். எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு இரண்டே அறை.

கணக்கு: பயிற்சி 7 பாக்கி.

5-11-79, திங்கள்

தூறல். பஸ்ஸில் அம்மாவுக்கு வாந்தி வரவில்லை, எனக்கு வந்தது. குட்டிக்கானம் இறக்கத்தில்.

இந்தத் தடவை புது டாக்டரம்மா. சின்ன வயது, கண்ணாடி, எங்களுக்காகத் தமிழை இழுத்து இழுத்துப் பேசுகிறார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவராம். அவரோடு அந்த மிஷினும் வந்திருக்கிறது.

மிஷின்: சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ அளவு. ஆனால் நல்ல கனம். தோல் உறை. தோளில் மாட்ட ஒரு வார், இடுப்பில் கட்ட ஒரு பெல்ட். உள்ளே பாட்டுப் பதிகிற மாதிரியே நாடா. அது சுற்றுகிறதா நிற்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாகச் சுற்றுகிறது. ஐந்து ஒயர். ஒவ்வொரு நுனியிலும் ஒரு சின்ன வட்டம். பசை தடவி நெஞ்சில் ஒட்டி, மேலே பிளாஸ்திரி. அதன்மேல் ஜாக்கெட், அதன்மேல் சேலை. வெளியே பார்த்தால் அம்மாவுக்கு ஒரு பக்கம் இடுப்பு பெருத்த மாதிரி.

அம்மா: "ஷாக் அடிக்குமா?"

டாக்டரம்மா: "ஒண்ணும் செய்யாது அம்மே. அது சும்மா கேட்டுக்கிட்டே இருக்கும். அத்ரதான்."

நான் கேட்டதும் அவர் சொன்னதும், மறப்பதற்குள்:

காதில் வைத்தால் கேட்குமா? கேட்காது. ஆஸ்பத்திரியில் இன்னொரு பெட்டி இருக்கிறது. அதில் நாடாவைப் போட்டால் கோடாகத் தெரியும். ஒரு பகல் ஒரு ராத்திரி முழுவதையும் அரை மணியில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

குணமாக்குமா? ஆக்காது.

மழை? ஆகாது. குளியலும் ஆகாது.

அம்மா என்ன நினைத்தாள் என்று அதற்குத் தெரியுமா? டாக்டரம்மா சிரித்துவிட்டார். தெரியாதாம். அம்மா முகத்தில் நிம்மதி வந்தது அப்போதுதான்.

படபடப்பு வந்தால் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை ஒரு தடவை அழுத்த வேண்டும். நாடாவில் அடையாளம் விழும். அந்த நேரத்தில் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நான் ஒரு தாளில் எழுத வேண்டும். மற்ற நேரத்துக்கும் எழுத வேண்டும்.

கிளம்பும்போது டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று: "எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருக்கணும். வேல, நடப்பு, எல்லாம்." இரண்டு: "நல்லா சூக்ஷிக்கணும் கேட்டோ. ஆகெ இந்த ஒரு மிஷின்தான் உள்ளது."

பஸ் முழுக்க அம்மாவும் நானும் இரண்டாவதையே நினைத்துக்கொண்டு வந்தோம். கைக்குழந்தையைப் பிடிக்கிற மாதிரி முந்தானைக்குள் பெட்டியைப் பிடித்திருந்தாள்.

கண்டக்டர் மெச்சினார்: "சேச்சி, ரேடியோ கொள்ளாமே! ஒரு பாட்டு வெய்யி."

அம்மா: "இது பாடாது தம்பி. நம்மளக் கேக்கும்."

லயத்துக்கு வந்ததும் கூட்டம். ராசம்மா அத்தை முன்னால் வந்தாள். அடுத்த வீடு, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. எங்கள் லயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். அம்மாவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இடுப்புல கட்டியாச்சுல்லா? அப்ப இது காப்புதான்."

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள் எஸ்டேட் எல்லையைத் தாண்டக் கூடாது. கடின வேலை கூடாது. கவிச்சி கூடாது. யாரோடும் சண்டை கூடாது, யாரும் அவர்களிடம் குரல் உயர்த்தவும் கூடாது. இது எல்லாம் பேச்சிக்கும் உண்டு என்று அத்தை அறிவித்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் சரியாகத்தான் பட்டது. "டாக்டரம்மாவும் பத்திரமா பாத்துக்கச் சொன்னாங்க" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

6-11-79, செவ்வாய்

வெயில். அம்மா பெஞ்சில்.

காலையில் அப்பா ஷிஃப்டுக்குப் போகும் முன் தன் கம்பளியைக் கொண்டுவந்து அம்மா காலடியில் வைத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு அவ்வளவுதான் பேச வரும்.

தண்ணீர் பிடித்தது: நான்கு வீட்டார். எங்கள் வீட்டில் இருக்கும் எல்லாப் பானையும் நிறைந்து, அண்டாவும் நிறைந்து, கடைசியில் ஊறுகாய் ஜாடியைக் கேட்டார்கள். கடைசி வீட்டில் கருவாடு பொரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அத்தை போய் நின்றாள், சட்டி இறங்கிவிட்டது. குழாயடியில் இரண்டு பேர் சண்டை போட்டார்கள், ஆனால் கிசுகிசுவென்று. கையை நீட்டி நீட்டி, கண்ணை உருட்டி, சத்தமே இல்லாமல். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "சிரிக்காத பேச்சி, ஒயர் கழண்டுரும்" என்றாள் அத்தை.

அம்மா: "என் கல்யாணத்துக்குக்கூட என்னய இப்பிடி உக்கார வைக்கல மதினி."

அத்தை: "அப்ப உன் நெஞ்சுல ஒயர் இல்லல்லா."

நான் தாளில் எழுதியது: எழுந்தாள். காப்பி குடித்தாள். உட்கார்ந்தாள். இட்லி (அத்தை வீட்டிலிருந்து). உட்கார்ந்தாள். சாய்ந்து உட்கார்ந்தாள். சிரித்தாள், கொஞ்சம். உட்கார்ந்தாள்.

படபடப்பு வரவில்லை. எல்லோருக்கும் பெருமை. தங்கள் கவனிப்பால்தான் வரவில்லை என்று.

மதியம் மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும். காப்புக் கட்டியவள் எல்லை தாண்டுவது எப்படி? பஸ் வந்து நின்றதும் அத்தை முன் சக்கரத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாள். டிரைவர் மலையாளத்தில் திட்டினார். நசுக்கிக்கொண்டுதான் போனார்.

டாக்டரம்மா தாளை வாசித்தார். முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"செல்வி, அம்மா வீட்டில எப்பவும் இப்படியா இருப்பாங்க?"

"இல்ல."

"பின்னே?"

காப்பு என்பதை மலையாளத்தில் எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன். எப்படியோ சொன்னேன். அவருக்குப் புரிந்தது. திட்டவில்லை. அம்மாவின் பிளாஸ்திரியை வலிக்காமல் எடுத்தார். எடுத்த இடமெல்லாம் சிவப்பு வட்டம்.

வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

7-11-79, புதன்

மழை. தமிழ்க் கட்டுரைக்கு ஒன்பது மதிப்பெண். கையெழுத்துக்கு ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். வகுப்பு டீச்சர்: "திங்கள், செவ்வாய் லீவு, இப்ப வெள்ளியும் கேக்குற. மிஷின் உனக்கா அம்மாவுக்கா?"

சிவப்பு வட்டத்துக்கு அம்மா தேங்காய் எண்ணெய் தடவுகிறாள். வேலைக்குப் போனாள். ஒன்றும் ஆகவில்லை.

9-11-79, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

நாடா சுத்தம். "நல்ல ஹார்ட்" என்றார் டாக்டரம்மா. அதைச் சொல்லும்போது அவருக்கே சந்தோஷமில்லை. அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளுக்கே புரிந்துவிட்டது. தலையை ஆட்டினாள். முந்தானையை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா: "அன்னைக்கு ஒண்ணும் வரல. அதுதான் இதுக்குத் தெரியும். இனி வராதுன்னு இதுக்குத் தெரியாது அம்மே. வந்ததில்லன்னும் தெரியாது."

அம்மா: "சரிங்க."

அம்மா இப்படிச் சரிங்க என்று சொன்னால் கதவைச் சாத்திவிட்டாள் என்று பொருள். டாக்டரம்மாவுக்கு அது தெரியாது.

திங்கள்கிழமை மிஷின் கட்டிக்கொள்ளக் கம்பம்மெட்டிலிருந்து ஓர் ஏலக்காய் வியாபாரி வருவதாக இருந்ததாம், வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். மிஷின் சும்மா இருக்கும். மறுபடி கட்டலாமா என்று கேட்டார். ஆனால் இந்தத் தடவை வேலைக்குப் போக வேண்டும், ஏற வேண்டும், சுமக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு மிஷினுக்கு ஆள் இருக்கிறது.

அம்மா "வேண்டாங்க" என்பதற்கு முன்னால் நான் "வர்றோம்" என்றுவிட்டேன். மலையாளத்தில். வேகமாக.

பஸ்ஸில் பீர்மேடு வந்த பிறகு, அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே: "மிஷினே சொல்லிருச்சுட்டி. அதுக்கு என்ன, என் மேல பகையா? பொய் சொல்லுமா?"

மிஷின் உன்னைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை என்றேன். எஸ்டேட் ஆபீஸ் முற்றத்தில் மழை அளக்கிற குழாய் இருக்கிறதே. மழை பெய்யாத நாளில் கிளார்க் அதைத் திறந்து பார்த்தால் ஒரு சொட்டும் இருக்காது. அதனால் இந்த மலையில் மழையே கிடையாது என்று ஆகிவிடுமா?

"பெரிய வக்கீலு."

ஏலப்பாறையில் இறங்கும்போது தூறல். தன் கம்பளியை இழுத்து என் தலையில் போட்டாள். கோபம் தீரவில்லை. ஆனாலும் நான் நனையக் கூடாது.

11-11-79, ஞாயிறு

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன். அம்மா நாளைக்கு வருகிறாளாம். எனக்காக. "நீ டாக்டரம்மாகிட்ட வாக்கு குடுத்துட்டியே, மானம் போயிருமேன்னுதான்" என்றாள். பரவாயில்லை.

பெரிய தடை ராசம்மா அத்தை. காப்புக் கட்டியவளை வேலைக்கு அனுப்புவதா? கூடை சுமக்க விடுவதா? "பாவம் வந்து சேரும்ட்டி. படிச்சா போதுமா?"

இதயத்தின் நான்கு அறைகளையும் அத்தைக்குப் படம் போட்டுக் காட்டினேன். அவள் படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "முருங்கக்கா கொழம்புக்கு உப்பு பாரு" என்றாள்.

உப்புப் பார்த்தேன். அப்போதுதான் தோன்றியது.

"அத்தை, காப்புக் கட்டுறவங்க சும்மா உக்காரவா கட்டுறாங்க? கடைசி நாளு தீச்சட்டி எடுக்கத்தான?"

அத்தை கரண்டியோடு நின்றாள்.

"போன தடவை உக்கார மட்டும் வச்சோம். சட்டி எடுக்கவே இல்ல. பின்ன ஆத்தா எப்படி வருவா?"

சாமி விஷயத்தில் அப்படிப் பேசியது சரியா என்று இப்போதும் யோசனையாக இருக்கிறது. ஆனால் அத்தை முகம் மாறிவிட்டது. வாசலுக்குப் போய் லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "செவ்வாக்கெழம பேச்சி தீச்சட்டி எடுக்கா! எல்லாரும் அவகூட காட்டுக்கு!"

அம்மா உள்ளே இருந்து என்னைப் பார்த்தாள். "ஏட்டி, நீ வக்கீலுதான்ட்டி."

12-11-79, திங்கள்

மிஷின் கட்டியாயிற்று. ஒயர் ஒட்டும்போது டாக்டரம்மா: "இந்தத் தடவ சும்மா இருக்கண்டா, கேட்டோ." அம்மா: "இல்லங்க, நாளைக்குத் தீச்சட்டி." அவருக்குப் புரியவில்லை. சிரித்துவைத்தார்.

சாயங்காலம் அப்பா கங்காணியைப் பார்த்து, மிஷினோடு அம்மா காட்டுக்குப் போக அனுமதி வாங்கி வந்தார். அப்பா ஒருவரிடம் போய் ஒன்று கேட்டு நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து, "போலாம்னாரு. நனைஞ்சா அவரு பொறுப்பில்லயாம்" என்றார். காப்பி இரண்டு டம்ளர் குடித்தார்.

13-11-79, செவ்வாய்

எதையும் விடாமல் எழுத வேண்டும். நடந்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாது.

வானம் தெளிவு. முதலில் அதைத்தான் எல்லோரும் பார்த்தோம்.

விடிகாலையிலேயே அத்தை குழாயடியில் ஆரம்பித்துவிட்டாள். அம்மாவுக்குக் கோபம் வர வேண்டுமாம். "ஏட்டி பேச்சி, என் தம்பியக் கட்டிக்கிட்டு வந்து பதினஞ்சு வருசமாச்சு, இன்னும் ஒரு கொழம்பு வைக்கத் தெரியுதா ஒனக்கு?"

அம்மாவுக்குச் சிரிப்பு. "கோவம் வரலயே மதினி. இன்னும் கொஞ்சம் திட்டுங்க."

"திட்ட மாட்டேங்கேனா? மூஞ்சிய அப்பிடி வச்சிருந்தா எப்பிடித் திட்டுவேன்?"

பதினோராம் நம்பர்க் காடு. நானும் கூடவே. அம்மா என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஏறினாள், கிள்ளினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். பாறைப் பக்கம் மட்டும் அத்தை நின்றுகொண்டாள், அம்மா அந்தப் பக்கம் வராதபடி. கங்காணி முத்தையா பின்னாலேயே நடந்தார். "பேச்சி, மெதுவா, மெதுவா ஏறு தாயி."

அம்மா: "இன்னைக்குன்னு பாத்து இந்த மனுசன் மருவாதியா பேசுதாரே!"

வெயில் ஏறியதும் வேர்வை. ஒரு பிளாஸ்திரி நழுவிவிட்டது. அம்மா என் காதில் சொன்னாள். உடனே பெண்கள் கம்பளிகளைப் பிரித்துப் பிடித்து வட்டமாக நின்றுகொண்டார்கள், தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு அறை மாதிரி. நான் உள்ளே போய் என் பாவாடை நுனியால் வேர்வையைத் துடைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். விரலுக்கடியில் அம்மாவின் நெஞ்சு டக் டக் என்று ஒழுங்காக அடித்தது. அது ஒழுங்காக அடிப்பது இன்று எனக்குப் பிடிக்கவில்லை.

கூடை நிறைந்தது. எடை போடும் கொட்டகை வரை சுமந்தாள். எடை போட்டாயிற்று. ஒன்றும் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரம் நெருங்கிவிட்டது.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விடுட்டி. இல்லாதது எப்படி வரும்."

அத்தை எழுந்து கம்பளியை உதறினாள்.

நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன். என் கணுக்காலில் ஒரு அட்டை. நான் பார்க்கவில்லை, அம்மா பார்த்தாள். "அசையாத" என்று எழுந்து வந்து, குனிந்து, பிடுங்கி எறிந்தாள். நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

"செல்வி."

"என்னம்மா?"

"வந்துருச்சுட்டி."

கழுத்தில் கை வைத்தேன். குருவியைக் கைக்குள் பிடித்தால் அதன் உடம்பு முழுக்கத் துடிக்குமே, அப்படி. எண்ண முடியவில்லை. பொத்தானை அம்மா அழுத்தினாள். நானும் அழுத்தினேன். ராசம்மா அத்தையும் ஓடிவந்து அழுத்தினாள். அம்மாவைத் தரையில் உட்கார வைத்தோம். வெளுத்த முகம், நெற்றியெல்லாம் வேர்வை. சிரிக்கிறாள். "வந்துருச்சு மதினி! வந்துருச்சு!" பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி.

அத்தை குலவை போட்டாள். அப்படியே எல்லாப் பெண்களும் குலவை. தேயிலைக் காடு முழுக்க. எதிர்க்காட்டில் இருந்தவர்களும் என்னவென்று தெரியாமல் திருப்பிக் குலவை போட்டார்கள்.

கங்காணி தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தார். அத்தனை பேரும் ஒரே குரலில், "தண்ணி வேண்டாம்! மிஷினு! மிஷினு!" அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் விடவே இல்லை.

"என்ன தாயி இது. இந்த ஓட்டம் ஓடுது."

அம்மா கண்ணை மூடி இருந்தாள். கொஞ்ச நேரத்தில், விளக்கை அணைத்த மாதிரி, அந்த ஓட்டம் நின்றது. மறுபடி டக், டக். அம்மா கண்ணைத் திறந்தாள்.

அப்போதுதான் பார்த்தேன். சேலைக்கு வெளியே ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. வட்டம் அந்தரத்தில்.

குனிந்தபோது பிடுங்கியதா? உட்கார வைக்கும்போது நாங்கள்தான் இழுத்துவிட்டோமா? வந்ததற்கு முன்னாலா, பின்னாலா? யாருக்கும் தெரியவில்லை. குலவை போட்ட வாயெல்லாம் மூடிக்கொண்டது.

பஸ்ஸில் அம்மா: "பதிஞ்சிருக்குமாட்டி?" முண்டக்கயத்தில் மறுபடி: "பதிஞ்சிருக்குமா?"

டாக்டரம்மா ஒயரைப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். "நோக்காம்" என்றார். பார்க்கலாமாம்.

14-11-79, புதன்

பள்ளியில் குழந்தைகள் தினம். மிட்டாய் ஒன்று. அப்பாவுக்குக் கொடுத்தேன்.

கங்காணி இன்று வீட்டு வாசலில் நின்று, "பதிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை.

பதியாமல் போயிருந்தால் அம்மா என்ன நினைப்பாள்? அத்தனை பேர் பார்த்தார்களே, கங்காணியே கையைப் பிடித்துப் பார்த்தாரே, அது போதாதா என்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "நீங்கல்லாம் எம்மேல பிரியத்துல சொல்லுவீங்க" என்றாள். "அதுக்குப் பிரியம் கிடையாதுல்லா."

15-11-79, வியாழன்

கணக்குப் பயிற்சி 7 முடித்தேன். 8ம் முடித்தேன். வேறு எதிலும் மனம் நிற்கவில்லை.

16-11-79, வெள்ளி

குளிர். கை விறைத்துப்போய் எழுதுகிறேன்.

டாக்டரம்மா எங்களை உள் அறைக்கே கூட்டிக்கொண்டு போனார். இருட்டு அறை. பெட்டியில் பச்சைக் கோடு ஓடுகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று. மிஷின் இரண்டு கோடு பதியுமாம். கீழ்க்கோட்டைக் காட்டினார். கோழி கிளறிய மண் மாதிரி. ஒயர் கழன்றது அந்தப் பக்கம். "இது போயி." அம்மாவின் கை என் கையைப் பிடித்தது.

"மேல நோக்கு."

மேல்கோட்டில் சின்னச் சின்ன மலைகள், நடுவில் சமவெளி, மலை, சமவெளி. ஒழுங்காக. அது அம்மா ஏறியபோது, கூடை சுமந்தபோது. பிறகு ஒரு இடத்தில் சமவெளியே இல்லை. மலைக்கு மேல் மலை, இடிபாடாக, நெருக்கியடித்துக்கொண்டு. பக்கத்தில் மூன்று அடையாளம்.

டாக்டரம்மா: "ஏன் மூணு தடவ அழுத்தி?" சொன்னேன். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. பெட்டிக்குக் கிட்டே போனாள்.

"இது நானா?"

"அம்மே தன்னே."

"இன்னொரு தடவ ஓட்டுங்க."

ஓட்டினார். அம்மா மூக்கு கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும் டாக்டரம்மாவும் வேறு பக்கம் பார்த்தோம்.

டாக்டரம்மா சொன்னது: நெஞ்சில் துடிப்பு ஓடுவதற்கு எல்லோருக்கும் ஒரு வழி. அம்மாவுக்குப் பிறவியிலேயே ஒரு வழி கூடுதல் என்று நினைக்கிறார். சில நேரம் துடிப்பு அந்தக் குறுக்குவழியில் புகுந்து திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அந்த வழி எந்த இடத்தில் இருக்கிறது என்று இந்த மிஷினுக்குத் தெரியாது. அடுத்து எப்போது வரும் என்றும் சொல்லாது. மாத்திரை: காலை ஒன்று, இரவு ஒன்று. வருவது குறையும், நின்றே போகும் என்று அவர் வாக்குத் தர மாட்டார். வந்தால் அந்த இடத்திலேயே தரையில் உட்கார வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சை அடக்கி முக்க வேண்டும். முகத்தில் குளிர்ந்த தண்ணீரும் நல்லது.

அம்மா: "அப்ப கங்காணி கொண்டு வந்த தண்ணி மருந்துதானா?"

டாக்டரம்மா: "மிஷின் இல்லாதப்ப."

பாறைப் பக்கக் காடு வேண்டாம் என்று டிஸ்பென்சரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னலோர இடம். பக்கத்தில் முண்டக்கயத்தில் ஏறிய ஓர் அம்மாள், மடியில் கப்பக்கிழங்குப் பை. குமுளிப் பக்கம் எஸ்டேட்டாம். ஏறியதிலிருந்து மருமகளைப் பற்றியே பேச்சு. அம்மா நன்றாக ம் கொட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு வாந்தி வரும் போல இருந்ததால் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன்.

குட்டிக்கானம் ஏற்றத்தில் அம்மாவின் ம் நின்றது. கண்ணைத் திறந்தேன். நெற்றியில் வேர்வை. இடுப்பில் பெட்டி இல்லை, நெஞ்சில் ஒயர் இல்லை. நான் எழுந்திருப்பதற்குள் அம்மா அந்த அம்மாளின் கையைத் தொட்டாள்.

"எனக்கு நெஞ்சுல ஒரு வழி கூட இருக்கு. இப்ப அதுல ஓடுது. செத்த இருங்க."

அந்த அம்மாள் கப்பக்கிழங்குப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மா மூக்கைப் பிடித்தாள், வாயை மூடினாள், கன்னம் உப்ப முக்கினாள். முகம் சிவந்தது. விட்டாள். மறுபடி மூக்கைப் பிடித்தாள். கண்டக்டர் டிக்கெட் கட்டோடு நின்று பார்த்தார்.

அம்மா மூச்சை விட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் பக்கம் திரும்பினாள்.

"ம், போயிருச்சு. நீங்க சொல்லுங்க. மருமக அதுக்கு என்ன சொன்னா?"